மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி

என் வீட்டுக்காரர் தோணியில் சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனால், கரை சேர்ந்ததாகப் போன் வரும்வரை மாதா படத்துக்கு முன்னால் ஒரு சின்ன பல்பு எரியவேண்டும். எங்கள் தெருவில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டிலெல்லாம் அப்படித்தான்.

அந்தத் தடவை தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் பெரியதாழைக்குப் போகவேண்டியதாயிற்று. மற்றதையெல்லாம் நிறுத்தி, பல்பை மட்டும் எரியவிட்டு, வீட்டைப் பூட்டினேன். திரும்பி வந்து பையைக் கவிழ்த்தால் சாவி இல்லை. போன் போட்டுக் கேட்டால், தங்கை வீட்டு ஆணியில் தொங்குகிறதாம். அவள் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவருகிறாராம். வாசலில் நிற்கும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. ஊருக்குக் கிளம்பினால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது என் கைப்பழக்கம். அன்றைக்கும் அணைத்துவிட்டேனோ?

ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது. வெளிச்சுவரில் மீட்டர் மட்டும் இருந்தது. உப்புக்காற்றில் மங்கிய கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். உள்ளே கரண்ட் ஓடினால் சிவப்புப் புள்ளி ஒன்று மினுங்கும். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் நின்றேன். பார்க்கப் பார்க்க அந்தக் கண்ணாடிக்குள் கடல் வந்துவிட்டது. சாயங்கால வெயிலில் எண்களெல்லாம் தண்ணீரில் கிடப்பதுபோல் ஆடின. அவற்றுக்கு நடுவே அவருடைய தோணி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. தெரு, வெயில், கால்வலி எல்லாம் எங்கேயோ தூரமாகிவிட்டன.

ரீடிங் எடுக்க வந்த ஈபிக்காரர் பக்கத்தில் நின்றதுகூடத் தெரியவில்லை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஒத்த பல்புன்னா மெதுவாத்தாம்மா மினுங்கும். பொறுங்க, பாப்போம்” என்றவர், தன் வேலையை முடித்துக்கொண்டு கூடவே நின்றார். கண் பூத்துப்போகும்வரை இரண்டு பேரும் பார்த்தோம்.

“இல்லம்மா. மெயின் ஆஃப்லதான் கெடக்கு” என்றார்.

என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நேரம் போன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான்.

“சேந்துட்டேன்ளா. நடுக்கடல்ல இன்ஜின் நின்னுட்டு. ஒரு ராத்திரி பூரா இருட்டுல மெதந்து கெடந்தோம். அங்கன நீ போட்டிருக்க லைட்டத்தான் நெனச்சிக்கிட்டே கெடந்தேன். எரியுதுல்லா?”

சந்தோஷத்தில் அழுகை முட்டியது. ஓர் இரவு முழுக்க அவர் பிடித்துக்கொண்டு கிடந்த வெளிச்சத்தை நான் எப்படி அணைப்பது?

“எரியாம பின்ன?” என்றேன்.

ஈபிக்காரர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.