அட்டைப்படத்துத் துரைசாணியின் கவுன்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் இந்திராதேவியிடம் ரவிக்கை தைக்காத பெண் கிடையாது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, லயத்து வரிசையில் தன் வீட்டு முன் அறையில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்து பதினான்கு வருஷமாகிறது. வாய் கொஞ்சம் நீளம். அவசரப்படுத்துகிறவள் பெரிய கிளாக்கர் வீட்டம்மாவாக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவாள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடிய வருஷம்கூட அவள் பயந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஹட்டனுக்கு பஸ் ஏறினால் மலைப்பக்கத்து சீட்டாகப் பார்த்துத்தான் உட்காருவாள். காசல்ரீ நீர்த்தேக்கம் தாண்டும்வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். வாந்தி வருகிறதாக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

மகள் தனுஜாவுக்குப் பத்தொன்பது வயது. ஹட்டனில் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறாள். ஒருநாள் நூலகத்தில் எடுத்த நாவல் ஒன்றைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள். அட்டையில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி கடற்கரையில் நின்றாள். சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட கவுன், அகலமான காலர், தலையில் கட்டிய துணி, கறுப்புக் கண்ணாடி. கவுன் இடுப்பைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழேவரை உடம்போடு ஒட்டி இறங்கியது.

“இதே மாதிரி தச்சுக் குடுங்கம்மா. எங்க கிளாஸ்ல எல்லாரும் நிலாவெளிக் கடலுக்கு ட்ரிப் போறோம். பழைய காலத்து ஸ்டைலுதான் இப்ப போடுறாங்க.”

இந்திராதேவி, துரைசாணிக்குப் பின்னால் இருந்த நீலத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் கவுனையே பார்த்தாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், அதற்கும் பயம். மகள் நீட்டிய புள்ளித் துணியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் துணி அப்படியே கிடந்தது. கத்தரிக்கோலை எடுப்பாள், வைப்பாள். ட்ரிப் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள்தான் வெட்டித் தைத்தாள்.

தனுஜா போட்டுப் பார்த்தாள். காலர் அச்சு அசல் படத்தில் உள்ளதுதான். இடுப்புக்குக் கீழேதான் குடையாக விரிந்து நின்றது.

“என்னம்மா இது? படத்துல ஒட்டித்தானே இருக்கு. அளவு மாறிருச்சா?”

“மாறல. மேல ரோட்டு வரைக்கும் ஒருக்கா ஓடிட்டு வா. படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி ஓடு, பாப்போம்.”

தனுஜா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை இந்திராதேவி அன்றைக்குச் சொன்னாள். பதினேழு வயதில் அவளும் இதே லயத்து நாகலெட்சுமியும் தெற்கே கடலோரத்து வீடொன்றில் வேலைக்கு நின்றார்கள். அந்த டிசம்பர் மாதப் பௌர்ணமிப் போயா நாள் காலையில் கடல் உள்வாங்கியது. இருவரும் வேடிக்கை பார்த்தார்கள். அது திரும்பி வந்தபோது ஓடினார்கள்.

“வீட்டம்மா குடுத்த புதுப் பாவாடையை நாகலெட்சுமி ஆசையாப் போட்டிருந்தாடி. அந்தப் படத்துல மாதிரித்தான், ஒட்டி. நான் மதில்ல ஏறிட்டேன். அவளால காலைத் தூக்க முடியல. கையைப் புடிச்சு இழுத்தேன். தண்ணி என் இடுப்புக்கு வந்ததும் விட்டுட்டேன். அவளைப் பெத்த அம்மாக்கண்ணுக்கு இன்னைக்கும் நான்தான் ரவிக்கை தைக்கிறேன். அவங்ககிட்டயும் சொல்லல.”

தனுஜா கவுனின் விரிப்பைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

“போகாதேன்னு சொல்ல மாட்டேன். பயந்தவ நான். அதுக்காக உன்னைய இந்த மலையில கட்டிப்போட முடியுமா?”

தனுஜா அந்தக் கவுனோடே வெளியே ஓடினாள். மேல் ரோட்டுக்குப் போய்வர ஐந்து நிமிஷம் போதும். அரை மணியாகியும் ஆளைக் காணோம். இந்திராதேவி வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ, கையை விட்டவள் என்று மகள் வெறுத்துவிட்டாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

தனுஜா மூச்சிரைக்க வந்து, ஒரு பையை மெஷின் மேல் போட்டாள். அதே புள்ளித் துணியில் இன்னொரு கவுன். உடம்போடு ஒட்டித் தைத்தது.

“மேல் ரோட்டு அனோஜாவோடது, என்கூடப் படிக்கிறா. டவுன்ல தைக்கக் குடுத்து வாங்கினா. இதையும் அகலமாக்குங்கம்மா. அவளும் என்கூடத்தான் வர்றா.”

இந்திராதேவி தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

“மொத்தம் எத்தனை பேருடி போறீங்க?”

“பதினாறு.”

“எல்லாரையும் கவுனை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு.”