பரந்தாமன் கேட்ட நகல்

பதினொன்று. வெள்ளானூரில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரே மாதத்தில், மஞ்சள் காமாலையில் படுத்த பிள்ளைகள் பதினொரு பேர். இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரியில் போனது. லாரி பரந்தாமனின் கிணற்றில் நிரம்பியது. ஒரு காலத்தில் அந்தக் கிணறு அவர் நெல்லுக்குத் தண்ணீர் கொடுத்தது. நெல் விளைந்த இடத்தில் இப்போது குடியிருப்பு நிற்கிறது. நிலம் கைமாறியது, கிணறு மட்டும் அவரிடம் தங்கியது.

பிள்ளைகள் படுத்ததும் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கிணற்றில் பாட்டில் இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள். ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். போனார்கள். போனதோடு சரி. சோதனையில் என்ன வந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் ஆளுக்கொன்று சொன்னார்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கிணற்றின் படத்தைப் போட்டு, மேலே சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். லாரி வருவது நின்றது. டீக்கடையில் பரந்தாமன் உட்கார்ந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறியது.

"நம்ம ஊட்ல அத்ததான குடிக்கிறோம். நமக்கு இன்னா ஆச்சு?" என்றார் மனைவி கோமளாவிடம்.

"உனுக்கு எத்த ஊத்துனாலும் ஒண்ணும் ஆவாது. அதுங்க கொயந்தைங்கய்யா."

அந்தப் பதில் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தன் தண்ணீர்தான் பிள்ளைகளைப் படுக்கவைத்ததா, இல்லையா? அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சுகாதார அலுவலகத்துக்குப் போனார். ரிசல்ட் வந்துவிட்டது, வெளியாருக்குக் காட்டமாட்டோம் என்றார்கள். கிணற்றுக்குச் சொந்தக்காரர் வெளியார் ஆனார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று யாரோ சொல்ல, பூந்தமல்லிக்கு பஸ் ஏறினார். அங்கே செல்வகுமார் என்று ஒருவர், குடைக்கு அடியில் மேஜை போட்டு மனு எழுதிக்கொடுப்பவர். பட்டா, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு எதுவானாலும் அவரிடம் ஒரே நடைதான். உச்சியில் சட்டத்தின் பெயரைச் சரியாகப் போட்டார். மனுவுக்கான பத்து ரூபாய் கட்டண வில்லையும் ஒட்டினார். அதற்குக் கீழே "கனம் பொருந்திய ஐயா அவர்களின் சமூகத்திற்கு" என்று தொடங்கினார். ஏழைக் குடும்பம், கிணற்றை நம்பிப் பிழைப்பு, மனவேதனை என்று ஒரு பக்கம் அழுதார். கடைசியில், "தாங்கள் கருணை கூர்ந்து தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று முடித்தார்.

"எப்டிகீது நைனா? படிச்சா ஆபீசருக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்."

"அந்தத் தண்ணி வோணாம்பா. டெஸ்ட் பண்ண தண்ணி இன்னா ஆச்சுன்னு எழுதிகீறியா?"

"நடுவுல கீது, நடுவுல கீது."

அரசு அலுவலகத்தில் மனுவின் நடுப்பகுதியை யாரும் படிப்பதில்லை. கடைசி வரியைத்தான் படிப்பார்கள். அங்கே நடவடிக்கை என்று இருந்தது. நடவடிக்கை எடுத்தார்கள்.

இரண்டு ஆட்கள் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்து கிணற்றில் கொட்டினார்கள்.

"இன்னாப்பா இது? நான் காயிதம் கேட்டேன்."

"மனு குட்த்தியா இல்லியா பெர்சு? அதுக்குத்தான் வந்துகீறோம். இங்க ஒரு கையெயுத்துப் போடு."

பரந்தாமன் போட்டார். மறுநாள் கிணற்று மீன்கள் எல்லாம் மிதந்தன. வாரம் கழித்துப் பதில் வந்தது: உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடித்துவைக்கப்பட்டது.

செல்வகுமார் அசரவில்லை. மரியாதை போதவில்லை என்று முடிவு கட்டி, இரண்டாவது மனுவில் "பொற்பாதங்களில்" என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தார். இந்தத் தடவை கொசுப்புகை வண்டி வந்தது. தெருவே வெள்ளையானது. கோழிகள் இருமின.

"இன்னொண்ணு எழுதிப் போடுய்யா," என்றாள் கோமளா. "தார் ரோடு போட்டுக் குட்த்துருவான்."

அந்த வாரம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கிருஷ்ணப்பிரியா பரந்தாமனைத் தேடி வீட்டுக்கு வந்தார். ஈரோட்டுக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. படுத்த பதினொரு பேரில் அவர் மகனும் ஒருவன். கோமளா நாற்காலி போட்டாள். தண்ணீர் கொண்டுவரலாமா என்று யோசித்து, கொண்டுவராமல் நின்றாள்.

"பையன் எப்டிகீறான்மா?" என்றார் பரந்தாமன்.

"தேறிட்டானுங்கண்ணா. இன்னும் கஞ்சிதான்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் படத்த நான் போடலீங்க. போட்டவங்களத் தடுக்கவும் இல்லீங்க," என்றார்.

"நல்ல தண்ணியா கெட்ட தண்ணியான்னு எனுக்கே தெர்ல. காயிதம் வரட்டும். உங்க அல்லார் எதுர்லயும் பிரிக்கிறேன். நான் பிரிச்சிப் பாத்துட்டுக் கொண்டாந்தா மாத்திட்டான்னுவீங்க."

"அப்படி யாரும் சொல்லமாட்டாங்கண்ணா."

"சொல்லுவாங்க," என்றாள் கோமளா.

கிருஷ்ணப்பிரியா, காகிதம் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் போனதும் கோமளா திரும்பினாள். "நீ ரெண்டு தபாவும் கெஞ்சிகினு கீற. கெஞ்சுறவனுக்கு எதுனா போட்டு அனுப்புவான். கடைல அரிசி வாங்கறப்போ, அண்ணாச்சி கருணை கூர்ந்துன்னா கேப்ப? ஒரு கிலோ குடுன்னுதான கேப்ப?"

பரந்தாமன் தாளை எடுத்துத் தானே எழுதினார். உச்சியில் சட்டத்தின் பெயர், கீழே தண்ணீர் எடுத்த தேதி போட்டார். "இந்தத் தேதியில் என் கிணற்றில் எடுத்த தண்ணீரின் பரிசோதனை அறிக்கை நகல் வேண்டும்." அவ்வளவுதான். ஐயா இல்லை, கருணை இல்லை, வேண்டுகிறேன் இல்லை. எழுதி முடித்ததும் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டதுபோல் கூசியது. ஒரு வணக்கமாவது சேர்க்கலாமா என்று பேனாவைக் கொண்டுபோனார். கோமளா தாளைப் பிடுங்கி உறையில் போட்டாள்.

செல்வகுமாரிடம் வில்லை வாங்கும்போது அவர் படித்துப் பதறினார். "அண்ணாத்தே, இது மனுவே இல்ல. ஆபீசர் கோச்சுக்குவாரு."

கோபித்துக்கொள்ள இடமில்லை. நடவடிக்கை எடுக்கவும் இடமில்லை. அந்த ஒற்றை வரிக்கு நகலைத் தவிர வேறு எதையும் அனுப்ப முடியாது.

அலுவலகத்திலிருந்து போன் வந்தது. குரல் இனிமையாக இருந்தது. "பெரியவரே, வாபஸ் வாங்கிக்கங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இன்னாத்துக்கு சார்?"

"காரணமெல்லாம் கேக்காதீங்க. கிணறு உங்களுது. பேப்பர் வெளிய வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

போனை வைத்ததும் பரந்தாமனுக்குப் பாதி விளங்கிவிட்டது. கோமளாவுக்கு முழுதும் விளங்கிவிட்டது.

"வாங்கிடேன்யா வாபஸ். ரெண்டு மாசம் போனா மறந்துருவாங்கோ. லாரி திரும்ப வந்துரும்."

"லாரி வந்தா?"

கோமளா விளக்குமாற்றை எடுத்துத் தரையைக் கூட்டத் தொடங்கினாள்.

"அதுங்க திரும்ப குடிக்குங்க," என்றார் அவர்.

பதிவுத் தபாலில் உறை வந்தது. அவர் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு, கோமளாவோடு குடியிருப்பின் கூட்ட அறைக்குப் போனார். நாற்பது பேர் இருந்தார்கள். அங்கே யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கிருஷ்ணப்பிரியா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. ஒட்டியிருந்த உறையை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டிவிட்டுக் கிழித்தார்.

ஒரே தாள். மேலே கிணற்றின் விவரம், தேதி, அவர் பெயர். கீழே ஒரு கட்டத்தில், நூறு மில்லி தண்ணீரில் மலக்கிருமி எத்தனை என்று எழுதியிருந்தது.

"எவ்ளோம்மா இருக்கலாம்?" என்று கிருஷ்ணப்பிரியாவைக் கேட்டார்.

"குடிக்கிற தண்ணியில ஒண்ணுகூட இருக்கக் கூடாதுங்கண்ணா."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சத்தமா படிங்க," என்றது.

பரந்தாமன் கண்ணாடியைச் சரிசெய்தார். கோமளா அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் சத்தமாகவே படித்தார்.

"இருநூத்தி நாப்பது."