கன்னத்தில் தெரியாத தண்ணீர்

மெட்ராஸுக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, இந்த ஊர்ப் பெண்கள் முகத்தில் எதைப் பூசினாலும் அது அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்று நினைத்ததுதான். மஞ்சள் பூசுவார்கள், உடனே கழுவிவிடுவார்கள். பவுடர் போடுவார்கள், முந்தானையால் ஒற்றி எடுத்துவிடுவார்கள். ரங்கூனிலேயே தங்கிவிட்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தனக்கா கட்டையைக் கல்லில் இழைத்து, அந்தச் சந்தன நிறக் குழம்பைக் கன்னத்தில் வட்டமாகத் தீற்றிக்கொண்டுதான் நாம் பள்ளிக்கூடம் போனோம், கடைவீதி போனோம், கல்யாணத்துக்கும் போனோம். பூசியிருப்பது தெரிந்தால்தான் அழகு. பூசாமல் வெளியே வந்தால் "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்பார்கள்.

கப்பலில் வந்து இறங்கி, அப்பா, அம்மா, நான் மூவரும் மயிலாப்பூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியேறினோம். ரங்கூனில் சொந்தக் கடை வைத்திருந்த அப்பாவுக்கு இங்கே வேலை அமையவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குத்தான் அமைந்தது, தி. நகரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில். முதல் நாள் அம்மா தன் கையாலேயே எனக்குத் தனக்கா பூசி அனுப்பினாள். மதியம் காரில் வந்து இறங்கிய ஒரு அம்மாள் பவுடர் டப்பா கேட்டார். எடுத்து நீட்டினேன். வாங்க வந்த கை பாதியில் நின்றது.

"முகத்துல என்ன அது? தேமலா, படையா?"

"இல்லீங்கம்மா, தனக்கா."

அது ஏதோ வியாதியின் பெயராக அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கரிசனமாகவே கேட்டார். பிறகு என்னோடு கடையில் வேலை பார்த்த கஸ்தூரியிடம், "நீ வேற டப்பா எடுத்துக் குடும்மா" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். "நாளையிலேர்ந்து அதைக் கழுவிட்டு வந்துரும்மா, என்ன?" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் நாளைவரை காத்திருக்கவில்லை. கடையின் பின்புறக் குழாயில் கழுவிக்கொண்டு ஈர முகத்தோடு வந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

கண்ணாடி அலமாரியில் தண்ணீர் போன்ற பாட்டில்கள் வரிசையாக இருந்தன. முகம் கழுவியபின் பஞ்சில் நனைத்துத் துடைத்துக்கொள்வதற்கு. இன்று டோனர் என்கிறார்கள். அன்று ஸ்கின் டானிக். குடிக்கிற டானிக் என்று நினைத்து, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று ஒரு மாமி கேட்டார். கடையே சிரித்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. எது யாருக்கு என்று கஸ்தூரிதான் எனக்குச் சொன்னாள். பட்டினப்பாக்கம் குப்பத்துப் பெண் அவள்.

"உன் மூஞ்சி காஞ்சி கீதுக்கா. உனுக்குப் பன்னீரே போதும். இந்த அஸ்ட்ரிஞ்சென்ட் எண்ணெ வழியிற மூஞ்சிக்கு. எரியும்."

எரியும் என்றதால்தான் அதை வாங்கினேன். பூசினால் வெளியே எதுவும் தெரியாது. உள்ளே ஊறியிருப்பதையும் அது துடைத்தெடுத்துவிடும் என்று நம்பினேன். காலையும் மாலையும் அழுத்தித் துடைத்தேன். சில நாளிலேயே கன்னம் சிவந்து தோல் உரிந்தது. இல்லாத வியாதி உண்மையாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்பவர்களிடம் "இல்லை" என்று சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று.

அம்மா என் கன்னத்தைப் பார்த்தாள். மறுநாள் வெறும் முகத்தோடு காபி கொண்டுவந்தாள். பகல் வெளிச்சத்தில் அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கன்னங்களில், வெயிலே படாத இரண்டு வட்டங்கள் வெளுத்துத் தெரிந்தன.

"ஏம்மா?"

"குழாயடியில எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க. என்னால உனக்கு எதுக்கு அவமானம்?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன். அவளுக்காக வந்த வெட்கமா, எனக்காக வந்த வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பன்னீருக்கு மாறினேன், கன்னம் மெல்ல ஆறியது. நாளடைவில், முகத்தைப் பார்த்தே எந்த பாட்டில் வேண்டும் என்று சொல்லும் அளவுக்குத் தேறினேன். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, தன்னைவிட மூத்த ஒருத்தியோடு வந்து நின்றாள். அவள் காதோரம், முடிக்குக் கீழே, அவசரத்தில் கழுவ விட்டுப்போன தனக்கா கீற்று. யோசிக்காமல், பர்மிய மொழியில் "நே கவுங் லா?" என்று சுகம் விசாரித்துவிட்டேன்.

அவள் கண்கள் விரிந்தன. பதில் சொல்ல வாய்கூடத் திறந்துவிட்டாள்.

"இன்னா சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றாள் கூட வந்தவள்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. முந்தானை நுனி காதோரம் போய் அழுத்தித் துடைத்தது. "தெரியலைக்கா" என்றவள் என் பக்கம் திரும்பி, "நான் தேவகோட்டைங்க" என்றாள். அந்தத் தமிழில் நம் ரங்கூன் இழுவை அப்படியே இருந்தது. "அந்தத் தண்ணி பாட்டில் ஒண்ணு குடுங்க. பூசினா வெளிய தெரியாதே, அது."

பன்னீரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது அவள் விரல் என் கையில் ஒரு கணம் தயங்கி, விலகியது. இருவரும் கூட்டத்தில் கலந்தார்கள். ரங்கூனில் எந்தத் தெரு என்று கேட்கும் பர்மிய வாக்கியம் என் வாய்க்குள் தயாராக நின்றது.

"ஏம்மா, சாந்து இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு, "இருக்குங்க" என்றேன்.