ஒப்புதலுக்குப் போன பிரதி

சிதம்பரத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தபோது நான் எடுத்துக்கொண்ட தலைப்பு குடும்பத் தொழில்கள். "குடும்பத்தப் பத்தி ஆராய்ச்சியா? நம்ம வீட்டுக் கல்யாணம் ஒண்ணுல நின்னா போதாதா?" என்று கடலூரில் என் அண்ணன் கேலி செய்தான். அவன் சொன்னதும் பாதி சரிதான்.

2007-இல் காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரிக் குடும்பம் கிடைத்தது. பெரியவர், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். பெயர்ப்பலகையில் 'அண்டு சன்ஸ்'. ஆனால் தொழிலின் உயிர் சின்ன மருமகளிடம் இருந்தது. மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடிக் கொட்டையை எடுத்து வெட்டிப் பார்த்து, எவ்வளவு பருப்பு தேறும் என்று சொல்லிவிடுவாள். வியாபாரியிடம் விலை பேசும்போது மட்டும் அவள் கணவன் முன்னால் வந்து நிற்பான். சனிக்கிழமைதோறும் வடலூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். நாலாவது மாதம்தான் என்னிடம் மனம் திறந்தாள்.

"மேடம், அடுத்த சீசனுக்குள்ள நானும் அவரும் தனியா ஒரு சின்ன யூனிட் போடலாம்னு இருக்கோம். மாமாகிட்ட நாங்களே நேரம் பாத்து சொல்லிக்கிறோம். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது."

"என்னத் தாண்டிப் போவாது" என்றேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதினால், அதன் தலைவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியிடலாம். குடும்பத் தொழிலில் தலைவர் என்றால் மாமனார். அதனால் இரண்டு பிரதி எழுதினேன். எல்லாம் முழுசாக இருந்த பிரதி என் நெறியாளர் பார்வைக்கு மட்டும். அவள் சொன்னதை எடுத்துவிட்டது கையெழுத்துக்கு. எது எதற்கு என்று உறைமேல் கொட்டை எழுத்தில் எழுதி, இரண்டையும் நெறியாளரிடம் கொடுத்தேன்.

அவர் முழுப் பிரதியைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் கொடுத்துவிட்டார். தவறிக் கொடுத்தார் என்றே பத்து நாள் நம்பிக்கொண்டிருந்தேன், முட்டாள் மாதிரி. பிறகுதான் அவர் அந்த வீட்டுத் தொழிலுக்கு ஆலோசகர் ஆகிவிட்டது தெரிந்தது. அறைக்கே போய்க் கேட்டேன்.

"பெரிய மனுஷன், வீட்ல என்ன நடக்குதுன்னு கேக்குறாரு. மறைக்க முடியுமாம்மா? அதான் பேரெல்லாம் மாத்திட்டியே" என்றார்.

பெயரைத்தான் மாற்றியிருந்தேன். அந்த வீட்டுக்கு ஒரே ஒரு சின்ன மருமகள்தானே! அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனால் என் பட்டம் அவர் கையில் இருந்தது. அப்படியே வெளியே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது ஆலையில் அவள் இல்லை. பெரிய மகன் கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக் கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருக்க, அவள் எனக்கு டீ கொண்டுவந்தாள். அவள் கணவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"புதுசா எழுதித் தாங்க, கையெழுத்துப் போடுறேன். என்ன எழுதணும்னு மருமவளே சொல்லும்" என்றார் பெரியவர்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எழுதிக்கோங்க மேடம். எங்க வீட்ல எல்லாரும் ஒத்துமையா இருக்கோம். தனியா போவணும்னு யாரும் நெனைக்கல."

நான் நோட்டைத் திறக்கும்வரை நின்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். நெறியாளர் பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலுமாக அந்தக் கட்டுரை வெளிவந்தது. 2012-இல் உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது, கட்டுரைப் பட்டியலில் அதைத்தான் முதலாவதாகப் போட்டேன்.