கோடிச் சட்டை

முதல் தவறைத் திருத்திக்கொள்ள வழி இருந்தும் ஒருவர் அதைத் திருத்தாமலே விட்டுவைத்தால், அதைப் பிடிவாதம் என்பதா, நன்றி என்பதா? திண்டிவனத்துக் கிருஷ்ணவேணியை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இராது.

1957 மார்கழியில் அவள் தன் கம்மலை விற்றுப் பழைய தையல் மிஷின் ஒன்றை வாங்கினாள். கணவன் அரங்கநாதன் நெல் மண்டியில் எடை போடுகிறவன். ஒரு நாளும் எடையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. மிஷினைப் பார்த்து அவன் சத்தம் போடவில்லை, நிபந்தனைதான் போட்டான்.

"பொங்கலுக்கு எனக்கு ஒரு சட்ட தெச்சுக் குடு. சரியா இருந்தா மிஷின் இருக்கட்டும். இல்லன்னா வாங்கின எடத்துலயே குடுத்துட்டு வந்துடு."

அதுவரை அவள் ரவிக்கை மட்டுமே தைத்திருந்தாள், அதுவும் கையால். ஈர்க்குச்சி போலிருந்தவனை நிற்கவைத்து நாடாவால் இரண்டு முறை அளந்தாள். தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த சவரிராயன் துணியைத் தடவிப் பார்த்தான்.

"நனைச்சுக் காயப்போட்டு அப்பறம் வெட்டுங்க அண்ணி. இது சுருங்குற துணி."

"நனைச்சா அது புதுக் கோடியா தம்பி? பண்டிகைக்குத் தண்ணி பட்ட துணிக்கா மஞ்ச வெக்கறது?"

நனைக்காமலே வெட்டினாள். காலரை மட்டும் மூன்று தடவை பிரித்தாள். பொங்கலன்று ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்த சட்டை அவனுக்கு அளவாகவே இருந்தது. "ம்" என்றான். அவனிடமிருந்து அதுவே பெரிது.

எட்டு நாள் கழித்து, சட்டை ஒரு தண்ணீர் கண்டிருந்தது. கிளியனூரிலிருந்து அவன் அக்கா அம்சவள்ளி வந்திருந்த நேரம். அரங்கநாதன் அதைப் போட்டான். அரைக்கை முழங்கைக்கு நாலு விரல் மேலே ஏறி நின்றது. வயிற்றுப் பொத்தான் ஓட்டையை எட்டவில்லை. அடுப்படியில் நின்ற கிருஷ்ணவேணி மிஷினைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, உள்பாடி கணக்கா கீது? இதுக்கா கம்மல வித்தா உம் பொண்டாட்டி?"

அவன் பொத்தானை இழுத்துப் பார்த்தான். பிறகு சொன்னான்: "சட்ட சரியாத்தான் கீது. பொங்கல் கரிநாளுக்கு உன் வூட்டுல ஆக்கிப் போட்டியே கறி, நான்தான் பருத்துட்டேன்."

"எட்டு நாள்லயா?"

"உன் கைப்பக்குவம் அப்படி, அக்கா."

அம்சவள்ளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மிஷின் வீட்டோடு தங்கிவிட்டது.

அதன்பின் அவள் கற்றுக்கொண்டாள். யார் துணி வந்தாலும் முதலில் வாளித் தண்ணீரில் போடுவாள். சில ஆண்டுகளில் பாதித் தெருவுக்கு அவள்தான் சட்டை தைத்தாள். கழுத்து நன்றாக அமையும். பொத்தான் துளை கடைசிவரை சுமார்தான். ஆனால் பொங்கல் வந்தால் கணவனுக்கு எடுத்த துணியோடு அவனைச் சவரிராயனிடம் அனுப்பிவிடுவாள். "தையக்காரி புருசன் தைக்கப் போறான் பாரு" என்று தெருவில் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய் வருவான்.

1968இல் சவரிராயன் அவளிடமே கேட்டுவிட்டான்.

"பத்து வருசமா அளந்துக்கினு இருக்கேன் அண்ணி. அண்ணன் அளவு அரை அங்குலம்கூட ஏறல. அளவு எழுதின நோட்டையே குடுத்துடறேன், நீங்களே தெச்சுப்புடுங்களேன்?"

அவள் கழுத்தில் தொங்கிய நாடாவைச் சுருட்டி மிஷின் இழுப்பறையில் வைத்து மூடினாள்.

"நோட்டு உங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. எங்க கணக்குல அவரு அன்னிக்குப் பருத்தவருதான். நீயே தெய்யி" என்றாள்.