மான்யா ஏறாத ரிங்

மான்யா க்ரெட்ஷ்மர் டிராம் ஓட்டினவ. கிழக்கு பெர்லின்ல எங்க டெப்போவுல இருபது வருஷத்துக்கு மேல ஓட்டினா. புருஷன் எப்பவோ விட்டுட்டுப் போயிட்டான். கொழந்த குட்டி இல்ல. நல்லா உயரம், கனத்த உடம்பு, பெரிய சிரிப்பு.

ஒருநாள் கடைசி ஸ்டாப்புல ஒரு குடிகாரன் வண்டிய விட்டு எறங்க மாட்டேன்னு சொல்லி அவளக் கன்னத்துல அறைஞ்சுட்டான். நிர்வாகம் லீவு குடுத்துச்சு, ஆறுதல் சொல்ல ஒரு ஆளயும் அனுப்புச்சு. அவ ரெண்டும் வேணாம்னுட்டு வைஸன்ஸேங்கற பேட்டையில ஒரு குத்துச்சண்டைக் கூடத்துல போய்ச் சேந்தா. அப்போ நாப்பதத் தாண்டிட்டா.

செஸ் அதுக்கு முன்னாலயே உண்டு, பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது. கேண்டீன்ல என்கூட ஆடுவா. நான் அப்போ அங்க தொழிற்சங்கம் நடத்திட்டு இருந்தேன். தோத்துக்கிட்டே இருப்பேன்.

"தோழரே, நீங்க ஸ்ட்ரைக்கும் இப்படித்தான் நடத்துறீங்க. மொதல்ல ராணிய வெளிய அனுப்பிட்டு, அப்புறமா உக்காந்து யோசிக்கிறீங்க."

கேண்டீனே சிரிக்கும். நான் சாசேஜுக்குக் கடுகு விழுது தடவிக்கிட்டு இருப்பேன்.

ரெண்டையும் சேத்து ஒரு வெளையாட்டு எங்க ஊர்ல இருக்கு. மூணு நிமிஷம் செஸ், மூணு நிமிஷம் குத்து, மறுபடி செஸ். பலகையில ராஜாவ மடக்கினாலும் ஜெயம், ஆள அடிச்சுச் சாய்ச்சாலும் ஜெயம். செஸ் ஆடுறப்போ காதுல பெரிய ஹெட்போன மாட்டி விடுவாங்க, கூட்டம் கத்துறது கேக்கக் கூடாதுன்னு. மான்யாவுக்காகவே செஞ்ச மாதிரி இருந்துச்சு. பேரக் குடுத்தா. ராட்டர்டாம்ல இருந்து லீஸ்பெத்னு ஒரு டீச்சர எதிராப் போட்டாங்க. போஸ்டர் வந்துச்சு, அதுல 'டிராம்' மான்யா க்ரெட்ஷ்மர்னு கொட்டை எழுத்துல.

நான் வாழ்நாள் பூரா நோட்டீஸ் அடிச்சவன். அதுல தலைவருங்க பேரு இருக்கும், மந்திரிங்க பேரு இருக்கும், திட்டுறதுக்கு மொதலாளிங்க பேரும் இருக்கும். வண்டி ஓட்டினவ பேரு இருக்காது. அந்தப் போஸ்டர அவ டிரைவர் ரூம் அலமாரிக் கதவுல ஒட்டி வச்சா. யாராவது கதவத் தொறந்து போஸ்டர மறைச்சா, "ஏய், என்னய மறைக்காத"ம்பா. அந்த ஒரு சண்டைக்கு மேல அவ எதுவும் கேக்கல. ஜெயிக்கணும்னு கூடச் சொல்லல, ஏறணும்னுதான் சொன்னா.

பயிற்சி குடுத்தவரு ஹார்ட்முட். கெட்டவர் இல்ல. ஆனா அவ எடைக்குப் பொம்பளை யாரும் அந்தக் கூடத்துல இல்ல. அதனால ஆம்பளைங்களோட மோத விட்டாரு. லாரியில சரக்கு ஏத்தற ஆளுங்க. "கையத் தூக்கு டிராம்காரி! மூஞ்சி என்ன பஸ் ஸ்டாப்பா, எல்லாரும் வந்து நிக்கிறதுக்கு?"ன்னு கத்துவாரு. அவ அடிய வாங்கிக்கிட்டு நின்னா. நிக்கத் தெரிஞ்சதுதான் அவளுக்கு வினையாப் போச்சு.

இலையுதிர் காலத்துல நான் செஸ்ல ஜெயிக்க ஆரம்பிச்சேன்.

மொதல்ல எனக்குக் குஷி. ரெண்டாவது தடவை சந்தேகம். மூணாவது தடவை அவ ராணிய என் சிப்பாய்க்கு முன்னால கொண்டாந்து வச்சுட்டு, ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு இருந்தா. இன்னொரு நாள், குறுக்கால போக வேண்டிய மந்திரிய யானை மாதிரி நேரா நகத்தினா. நான் காயத் திருப்பி வச்சேன். அவ என்னப் பாக்கல.

"தூக்கம் சரியில்ல தோழரே."

"தூக்கம் இல்லாதவன் மெதுவா ஆடுவான். மந்திரிய நேரா ஓட்ட மாட்டான்."

போட்டிக்கு முன்னால டாக்டர் பாக்கணும்னு விதி. பாத்தாரு. கண்ணுல டார்ச் அடிச்சாரு, மூக்க விரலால தொடச் சொன்னாரு, தலவலி உண்டான்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னா அவ. ஏறலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. அந்த ரூம்ல செஸ் பலகை இல்ல.

நான் அவள டெப்போ வாசல்ல நிறுத்திக் கேட்டேன். "இந்த மந்திரி கதைய டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா என்னாகும்? நீங்கதானே சங்கம். நீங்களே சொல்லுங்க."

எனக்குத் தெரியும். தலையில கோளாறுன்னா டிரைவர் சீட்டுல ஒக்கார விட மாட்டாங்க. ஸ்கேன், பரிசோதனை, திரும்ப ஒரு பரிசோதனை. பெரும்பாலும் வண்டி திரும்பக் கெடைக்காது.

"ரிங்கும் போயிரும், வண்டியும் போயிரும்"னா. "அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு? நீங்க எத்தன நோட்டீஸ்ல எழுதினீங்க, விட்டுக் குடுக்காதேன்னு?"

"அது வேற, இது வேற."

"எல்லாத் தலைவரும் இதத்தான் சொல்றீங்க."

ஒரு வாரம் என்கூடப் பேசல.

அப்புறம் அவளே கூப்பிட்டா. ஞாயித்துக்கிழமை காலையில கூடத்துல முழு ஒத்திகை, ராட்டர்டாம்காரி எடத்துல நான் செஸ் ஆடணும்னு. போனேன். ஒரு செஸ், ஒரு குத்து, ஒரு செஸ், ஒரு குத்து. ஹார்ட்முட் ஒரு லாரிக்காரன ஏத்தி விட்டிருந்தாரு. அவன் பாவம், மெதுவாத்தான் அடிச்சான். மணி அடிச்சதும் ஹார்ட்முட் அவ க்ளவுஸக் கழட்டி, ஹெட்போன மாட்டி, பலகை முன்னால ஒக்கார வச்சாரு. அவ வேர்வை காய் மேலல்லாம் சொட்டுச்சு.

அவளோட முறை. கடிகாரம் ஓடுது. அவ தொடல.

ஆட்டத்த வேணும்னே இழுத்தடிச்சா நடுவர் எண்ண ஆரம்பிப்பாரு. ஹார்ட்முட் அதையும் ஒத்திகை பாத்தாரு. அவ மூஞ்சிக்கு முன்னால வெரல நீட்டி மடக்கி எண்ணினாரு. அவ ஹெட்போன ஒரு காதுல இருந்து தூக்கினா. மெதுவாக் கேட்டா.

"தோழரே, நான் எந்தக் கலர்?"

ஹார்ட்முட் வாய் விட்டுச் சிரிச்சாரு. "நல்லாருக்கு டிராம்காரி! இத அன்னிக்கும் கேளு, அவ கொழம்பிப் போயிருவா!"

லாரிக்காரனும் சிரிச்சான். நான் சிரிக்கல. அவ என் மூஞ்சியப் பாத்தா. கடிகாரம் ஓடிக்கிட்டே இருந்துச்சு, யாரும் நிறுத்தல. அவ க்ளவுஸுக்குள்ள சுத்தியிருந்த கைத்துணிய அவுக்க ஆரம்பிச்சா. சுத்துச் சுத்தா, அவசரமே இல்லாம.

"என்னம்மா பண்ற? இன்னும் ரவுண்டு இருக்கு"ன்னாரு ஹார்ட்முட்.

"ரிங்ல ஏறினா என் மண்ட. ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது. நாளைக்குக் காலையில எனக்கு வண்டி இருக்கு, ஹார்ட்முட். அதுல ஆளுங்க ஏறுவாங்க."

நேரா டெப்போவுக்குப் போனோம். டூட்டி போடுறவன் டெட்லெஃப் கண்ணாடிக்குப் பின்னால காப்பி குடிச்சிட்டு இருந்தான்.

"வாடி சாம்பியன்! டெப்போவே டிக்கெட் வாங்கியாச்சு. நீ மட்டும் தோத்த, காசத் திருப்பிக் கேப்போம்."

"டூட்டி லிஸ்ட்டுல இருந்து என் பேர எடுத்துரு, டெட்லெஃப்."

"நாளைக்கா? சரி, நாளைக்கு..."

"நாளைக்கு இல்ல. எல்லா நாளும்."

"என்ன வெளையாடுறியா? காரணம் என்னன்னு போட?"

"தல சரியில்லன்னு போடு."

டெட்லெஃப் என்னப் பாத்தான். நான் தலையாட்டினேன். இருபது வருஷம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால நின்னு டிரைவருங்களுக்காகச் சண்டை போட்டவன் நான். அன்னிக்குத் தலையாட்டினேன். அவ வண்டிச் சாவியக் கண்ணாடிக்குக் கீழ தள்ளினா.

பின்னால டாக்டருங்க ரொம்ப நாள் பாத்தாங்க. அடி வாங்கினதுல வந்ததா, வர வேண்டியது அடியில சீக்கிரமா வந்துச்சா, சொல்ல முடியலன்னாங்க. யாரையாவது திட்டி ஒரு நோட்டீஸ் அடிக்கலாம்னா, திட்ட ஆள் இல்ல. ஹார்ட்முட்ட யாரும் எதுவும் கேக்கல, அவரே கூடத்த மூடிட்டாரு. ராட்டர்டாம்காரி வேற யார்கூடவோ ஏறினா. மான்யா இப்போ அவ அக்கா வீட்டுல இருக்கா. நான் போனா என்னய அடையாளம் தெரியுது. செஸ் ஆடலாமான்னு நான் கேக்கறதில்ல.

அந்த ஞாயித்துக்கிழமை சாவியக் குடுத்துட்டு ரெண்டு பேரும் டிராம்லதான் திரும்பினோம். அவ ஓட்டின அதே ரூட்டு. முன்னால போக மாட்டேன்னுட்டா. கடைசிப் பெட்டியில, பின்பக்கம் பாத்த சீட்டுல ஒக்காந்தா. தண்டவாளம் எங்க கண்ணு முன்னால நீண்டுக்கிட்டே பின்னால போச்சு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா.

"இந்த ரோடு போறத நான் பாத்ததே இல்ல தோழரே. வர்றத மட்டும்தான் பாத்திருக்கேன்."