கையைத் தூக்கினால் நிற்கும்

என் மகள் வயலின் கற்றுக்கொள்வதற்கு முன்பே நான் கற்றுக்கொண்டேன். அந்த வகுப்பின் ஏற்பாடு அப்படி. குழந்தைக்கு ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ ஒருவர் கூடவே வந்து பாயில் உட்கார வேண்டும். முதலில் வயலின் பெரியவர் கையில்தான் இருக்கும். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, "எனக்கு" என்று அதுவே கையை நீட்டுகிற அன்றைக்குத்தான் அதற்கு வயலின். குன்றத்தூரில் தன் வீட்டு மாடி ஹாலில் டீச்சர் இதையெல்லாம் விளக்கியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. முப்பத்து நான்கு வயது வரை என் கையில் யாரும் ஒரு வாத்தியத்தைக் கொடுத்ததில்லை.

எனக்குக் கிடைத்தது குழந்தைகளுக்கான கால் சைஸ் வயலின். அதற்காக நான் முதுகு வலிக்கக் குனிந்து உட்கார வேண்டியிருந்தது. விரல் வைக்க வேண்டிய இடங்களில் டீச்சர் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு சரளி வரிசை, துணி காயப்போட்டுவிட்டு வந்து இன்னொன்று என்று நாலு வாரம் வாசித்தேன். மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஐந்தாவது வாரம் கையை நீட்டினாள். டீச்சர் கைதட்டினார். நான் வயலினைக் கொடுத்தேன். கொடுத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளை மேல் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், அதேதான்.

ஆறுதலாக டீச்சர் எனக்கு ஒரு பெரிய வயலினை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார். பெரியவரும் தினமும் குழந்தையோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது அடுத்த விதி. இதில் நான் கில்லாடியாக இருப்பேன் என்று நினைத்தேன். காரணம் என் வேலை.

ஒரகடத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் என்னுடையது. பெல்ட்டில் வரும் போர்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றில் கோளாறு தெரிந்தால் வாயைத் திறக்க வேண்டியதில்லை, கையைத் தூக்கினால் போதும், லைன் நிற்கும். கோளாறான போர்டுக்கு எங்கள் பாஷையில் என்.ஜி., அதாவது 'நாட் குட்'. பத்து வருஷமாக என் கண்ணுக்குத் தப்பிப் போன என்.ஜி. மிகக் குறைவு என்று சூப்பர்வைசரே சொல்வார்.

வீட்டிலும் அதையே செய்தேன். மகளுக்கு 'க' ஸ்வரம் சரியாக விழாது. விரல் டேப்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். விழாத ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினேன். இரண்டே நாளில் பழகிக்கொண்டாள். என் கை எழுந்ததும் வில் தந்தியை விட்டு எழும்; முகத்தைத் தூக்கி, "என்.ஜி.யாம்மா?" என்பாள். மறுபடி முதலிலிருந்து. ஒரு வரிசையை முடிக்க அரை மணி நேரம் ஆனது. சுத்தமாகத்தான் வாசித்தாள். பாதியில் அழுவாள், அது வேறு. எந்தக் குழந்தைதான் அழவில்லை என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் கம்பெனியில் புது லைன் போட்டார்கள். அதுவரை எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மட்டும்தான். மாலை வகுப்புக்கு எப்படியும் போய்விடுவேன். இப்போது ஒரு வாரம் ஃபர்ஸ்ட், ஒரு வாரம் செகண்ட் என்றாகிவிட்டது. டீச்சரிடம், ஒரு வாரம் நான், ஒரு வாரம் என் கணவர் என்று வருகிறோமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது வேணாம்மா. ஆளுக்கொரு மாதிரி சொல்லித் தந்தா கொழந்த கொழம்பிடும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, அவங்களே வரட்டும்."

முடிவு பண்ண என்ன இருந்தது. என் கணவருக்கு ஒரு கம்பெனியின் குடோனில் வேலை, எப்போதும் ஜெனரல் ஷிஃப்ட், ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, படப்பையில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி, பிறகு என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட மனுஷர். பாட்டு என்றால் பஸ்ஸில் ஓடுவது மட்டும்தான் தெரியும். சுருதி என்று ஒன்று இருப்பதே அவர் காதுக்கு எட்டாது. என் பெரிய வயலின் அவர் கைக்குப் போனது.

ஊற்றி மூடிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட, ஆசைப்பட்டேன் என்பது சரி.

செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் அவர் வீடியோ எடுத்து அனுப்புவார். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். பிரேக்கில் லாக்கருக்கு ஓடி, கேன்டீன் மூலையில் நின்று பார்ப்பேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர் வில்லைத் துடைப்பத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருப்பார். இவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர் விரலைப் பிடித்து டேப் மேல் வைத்துவிடுவாள். "அதான் க-ப்பா." அவர் தன் ஊர்ப் பேச்சில், "அப்படியாட்டி? இன்னொரு தடவ வாசிப்போம்" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். என்னோடு உட்கார்ந்து வாசித்த ஒரு நாள்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. டீ ஆறிப்போனது தெரியாமல் மறுபடி வீடியோவை ஓடவிட்டு, 'க' எங்கெல்லாம் இறங்குகிறது என்று எண்ணினேன்.

"இன்னாங்க, மூணு எடத்துல க கீழ எறங்குது. நீங்க கவனிக்கவே இல்லியா?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அவர் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினார். அந்தக் கட்டைவிரலை உடைக்க வேண்டும் போல இருந்தது.

அதைவிடக் கொடுமை, சில மாதத்தில் 'க' தானாகவே சரியாகிவிட்டது. யாரும் நிறுத்தாமலே. அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துக் கொடுத்து அவளுக்கே வந்துவிட்டது என்று டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

விஜயதசமிக்கு, வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அப்பாவுடனோ அம்மாவுடனோ மேடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு வரிசை வாசிப்பது என்று முடிவானது. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது சரளி வரிசை. கம்பெனி லீவு, நானும் இருப்பேன். டீச்சர், இந்த ஒரு நாளைக்கு யார் வேண்டுமானாலும் உட்காரலாம், குழந்தையையே கேளுங்கள் என்றுவிட்டார். இரண்டு வாரம் முன்னதாகவே, அவர்கள் தூங்கி எழுவதற்குள் எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசித்துத் தயாரானேன். மெதுவாக முதல் காலம், அதைவிட வேகமாக இரண்டாம் காலம், இரண்டுமே எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிறகு தலை பின்னிவிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"மேடைல யாரு கூட குந்தப் போற? அம்மா கூடத்தானே?"

"அப்பா கூட."

"ஏண்டி? அம்மாதானே உனக்கு மொதல்ல சொல்லிக்குடுத்தேன்?"

"அப்பா நிறுத்த மாட்டாரு."

பின்னலை இறுக்கி முடிந்தேன். வலிக்குதும்மா என்றாள்.

அன்று மண்டபத்தில் நான் இரண்டாவது வரிசையில், ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கணவர் வேட்டி கட்டியிருந்தார். மகள் பச்சைப் பாவாடை. ஒரே பாயில் இருவர். முதல் காலம் நன்றாகவே போயிற்று. அவளுடைய 'க' ஒவ்வொன்றும் டேப் மேல் ஒட்டிவைத்ததுபோல விழுந்தது. பக்கத்தில் ஒரு அம்மா, "உங்க வூட்டுக்காரரா? இன்னா பொறுமை பாருங்க" என்றார். நான் பல்லைக் காட்டினேன்.

இரண்டாம் காலத்தில் அவர் தடுமாறினார். 'சரிக சரிக சரி' என்று வர வேண்டிய இடத்தில் மூன்றாவதாக ஒரு 'சரிக' போட்டுவிட்டார். மகள் சரியாக மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். அவர் பின்னால் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நெஞ்சில் ஜில்லென்று ஒரு சந்தோஷம். என் கை எழுந்துவிட்டது.

பழக்கதோஷம் என்று அப்புறம் வீட்டில் சொன்னேன். பொய். தெரிந்தேதான் தூக்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். வில் உடனே தந்தியை விட்டு எழுந்தது. கொஞ்ச நேரம் அவர் மட்டும் வாசித்தார், பிறகு அவரும் நிறுத்தினார். அவள் முகம் சுருங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. மைக் பக்கத்தில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"என்னுது இல்லம்மா. அப்பாவோட என்.ஜி."

சபையே சிரித்தது. என்.ஜி. என்றால் என்னவென்று அந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரும்பாலும் எங்களைப் போலக் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். கணவரும் சிரித்துக்கொண்டே, "ஆமாட்டி, என்னுதுதான்" என்றார். எல்லோரும் திரும்பி என் கையைப் பார்த்தார்கள். அது இன்னும் மேலேயே இருந்தது.

டீச்சர் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இந்த முறை அவர் தப்பு செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. ஆனால் அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அவள் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதானே அத்தனை மாதமும் வெந்துகொண்டிருந்தேன், பார்த்தாள். ஒவ்வொரு 'க' வரும்போதும், என் கை எங்கே என்று தேடித் தேடிப் பார்த்துக்கொண்டே வாசித்து முடித்தாள்.